முகவரி இல்லாத சொல்: முஸ்லிம் நேசனிலிருந்து கைத்தொலைபேசி வரை

2018 மார்ச் 5, திங்கட்கிழமை இரவு. திகனையில் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. கண்டி நிர்வாக மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம் போட்டாகிவிட்டது. அதே மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரை மணி இருக்கும். எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. "பத்து பஸ்ஸில ஆக்கள் வாராங்க. பாலத்தைத் தாண்டிட்டாங்களாம். பொம்புளப் புள்ளைகளக் கூட்டிட்டு மேல ஏறுங்க" என்று ஒருவர் மூச்சு வாங்கப் பேசுகிறார். பேசியவர் யாரென்று தெரியாது. எந்தப் பாலம் என்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு நம்ம ஆட்களின் பேச்சு. நான் அதை எங்கள் ஊர்க் குழுமத்தில் போட்டேன். போட்ட பிறகுதான் கடைசி வரை கேட்டேன்.

அடுத்த கால் மணித்தியாலத்தில் கீழ்த்தெருவில் இருந்த நாற்பது, ஐம்பது பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே உள்ள மிளகுத் தோட்டத்துக்கு ஏறினார்கள். டோர்ச் அடிக்கவும் பயம். அந்த இருட்டில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூத்தும்மா கற்படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஊரடங்கு என்பதால் விடியும் வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பஸ் எதுவும் வரவில்லை. பத்தும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

காலையில் அவருடைய மகனிடம், "ஏன் தம்பி, அந்த இருட்டில ஏறினீங்க?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சேர் போட்டதுதானே. சேர் சும்மா போட மாட்டீங்க எண்டுதான் ஏறினோம்."

முப்பது வருடம் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவன் நான். 'மூலம் எது, சொன்னவர் யார், எப்போது சொன்னார்' என்று கேட்காமல் எந்தச் செய்தியையும் ஏற்காதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன். இந்தக் கட்டுரையை எழுத அந்த இரவுதான் காரணம். அரசியல், தொழில்நுட்பம், பொதுப்பொறுப்பு என்று இன்று எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். பழி முழுவதையும் ஃபோனில் போடுவோரும் உண்டு, மனிதரில் போடுவோரும் உண்டு. எங்கள் சமூகத்தின் பொதுவிவாத வரலாற்றை 1882இலிருந்து கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது: சொல்லப்பட்ட சொல்லுக்கு முகவரி இருந்ததா?

1

1882 டிசம்பர் 21ஆம் திகதி கண்டியில் 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது. அதை நடத்தியவர் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர், 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர் என்பதெல்லாம் இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. நான் இங்கே பார்க்க விரும்புவது அவர் கையாண்ட கருவியை. அச்சு இயந்திரம் அக்காலத்தில் எங்கள் சமூகத்துக்கு இன்றைய கைத்தொலைபேசியைப் போல ஒரு புதுமை. ஒருவர் கண்டியில் இருந்து எழுதினால் காலியிலும் காத்தான்குடியிலும் அவரைக் காணாதவர்கள் வாசிப்பார்கள். வாசிப்பவர் கோபப்படலாம். கோபத்தைத் தணிக்க எழுதியவர் எதிரில் இருக்கமாட்டார்.

சித்திலெப்பை இலேசான விடயங்களை எழுதவில்லை. ஆங்கிலக் கல்வி ஈமானைக் கெடுக்கும் என்று பலர் நம்பிய காலத்தில் அது வேண்டும் என்றார். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றார். 1883 ஜனவரியில் எகிப்தின் ஒராபி பாஷாவைப் பிரித்தானியர் இங்கே நாடுகடத்திக் கொண்டுவந்தபோது, அவரை அரச விரோதி என்று ஒதுக்காமல் சமூகத்தின் விருந்தாளியாகப் பார்த்தார். அந்தத் தொடர்பின் பலன் 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய பாடசாலை, இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கோபித்தார்கள், ஆலிம்கள் சிலர் கண்டித்தார்கள்.

அவரோடு சண்டை பிடிக்க விரும்பியவருக்கு எங்கே போவது என்று தெரியும். 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைச் சட்டப்படி, இலங்கையில் பத்திரிகை நடத்துபவர் அச்சிடுபவர், வெளியிடுபவர், உரிமையாளர் ஆகியோரின் பெயரையும் இடத்தையும் உறுதியுரை கொடுத்துப் பதியவேண்டும். 1885இன் அச்சிடுவோர், வெளியிடுவோர் சட்டமும் அதே வழியில் வந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் இதை எங்கள் நன்மைக்காகச் செய்யவில்லை. தனக்கெதிராக எழுதுபவனைப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தது என்பதே என் எண்ணம். ஆனாலும் அதனால் ஒரு பழக்கம் வேரூன்றியது: அச்சான சொல்லுக்குக் கீழே ஒரு பெயர், ஒரு தெரு. பிழை என்றால் கதவைத் தட்டலாம். வழக்குப் போடலாம். மறுத்து எழுதலாம்.

2

அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஓர் ஆய்வுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதம் மாறியவர்களே என்பது அதன் சாரம். பேச்சுமொழி, வழக்கங்கள், உடலமைப்பு, வரலாறு என்று வகுத்து வாதத்தை அடுக்கியிருந்தார். இது வெறும் புத்தக ஆராய்ச்சி அல்ல. அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ் பேசும் மக்கள் எல்லோருக்குமாக இருந்த நியமன உறுப்பினர் அவரே. முஸ்லிம்கள் தங்களுக்குத் தனி ஆசனம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனின் உரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய விரிவான மறுப்பு நூலாக வெளிவந்தது 1907இல். இடையில் பத்தொன்பது வருடங்கள். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். "என்ன சேர், ரிப்ளை பண்ண பத்தொன்பது வருஷமா?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டே விட்டான். ஆனால் அந்த மறுப்பைக் கவனிக்க வேண்டும். அஸீஸ் இராமநாதனின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தார். எதிராளி எந்த மொழியில் பேசினாரோ அதே ஆங்கிலத்தில் எழுதினார். ஏனெனில் இராமநாதனின் உரையை வாசித்து முடிவெடுப்பவர்கள் அந்த மொழியில்தான் வாசித்தார்கள். தன் பெயரில் எழுதினார்.

இந்த விவாதத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சாதாரண சோனகத் தமிழ் வாசகன் தன்னைப் பற்றிய இந்த வாதத்தில் வெளியே நின்றான். இனம், இரத்தம் என்ற அக்கால ஐரோப்பிய அளவுகோல்களை இரண்டு பேருமே ஏற்றுக்கொண்டு வாதாடினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. தமிழ், முஸ்லிம் அரசியல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கேயே போய் நிற்கிறது. இருந்தாலும் அந்த வாதத்தால் ஒரு கடையும் எரியவில்லை. யார் என்ன சொன்னார் என்பது நூற்று முப்பது வருடம் கழித்தும் தெளிவாக இருக்கிறது. இன்னும் அதற்கு நாம் பதில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

3

இதற்கு நேர்மாறானது 1915. அதன் தொடக்கம் ஒரு வழக்கு. கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹெரா, பள்ளிவாசலுக்கு முன்னால் மேளத்தோடு போகலாமா என்ற பிரச்சினை. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. இதுவரை எல்லாம் முகவரியோடு நடந்தது: வழக்காளி உண்டு, எதிராளி உண்டு, நீதிபதியின் பெயர் உண்டு, தீர்ப்பு எழுத்தில் உண்டு. விருப்பமில்லாதவர்கள் அடுத்த நீதிமன்றம் போகலாம்.

மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளியருகே கைகலப்பு மூண்ட பிறகு கதை வேறு. சில நாட்களுக்குள் மத்திய, மேல், சப்ரகமுவ, வடமேல், தென் மாகாணங்களுக்குக் கலவரம் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் போயின.

இவ்வளவு வேகமாகப் பரவியது எப்படி என்று ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ரயிலைக் குறிப்பிடுவார்கள். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். கோப்பியை இறக்குவதற்காகப் போட்ட பாதை 1915இல் வதந்தியையும் இறக்கியது. முஸ்லிம்கள் விகாரைகளைத் தாக்க வருகிறார்கள் என்ற வகைக் கதைகள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கின. கதை சொன்னவன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டான். கதை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. கேட்டவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "ரயிலில வந்த ஒருத்தர் சொன்னார்."

எங்கள் மிளகுத் தோட்டத்து இரவை நினைக்கும்போது இந்த ரயில் கதைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்று ஓடியவர்கள் நாங்கள். 1915இல் அதே மாதிரிச் சொல்லைக் கேட்டவர்கள் கம்பைத் தூக்கினார்கள். இரண்டிலும் சொல்லுக்குச் சொந்தக்காரன் இல்லை.

1915 சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. வதந்தியைக் கிளப்பியவர்கள் அரசாங்கத்துக்கு அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் முகம் தெரிந்தவர்கள். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த சிங்களத் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது, டி.எஸ். சேனநாயக்கவும் டி.பி. ஜயதிலக்கவும் அதில் அடக்கம். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அநியாயத்துக்கு எதிராகச் சட்டநிரூபண சபையில் நின்று பேசியவர், லண்டன் வரை போனவர், 1916இல் அதுபற்றி நூல் வெளியிட்டவர் அதே இராமநாதன்தான். அடிவாங்கிய எங்களைப் பற்றி அவர் பேசியது போதாது என்ற மனக்குறை எங்கள் பெரியவர்களிடம் கடைசி வரை இருந்தது. என் வாப்பாவும் சொல்வார். அந்தக் குறை நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் என்ன சொன்னார் என்று எங்களால் இன்றைக்கும் எடுத்து வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. ரயிலில் வந்தவனிடம் எதைக் கேட்பது?

4

இனி எங்கள் காலம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மாக்கட்டி ஒன்று கிடந்தது. மலட்டு மாத்திரை போட்டிருக்கிறாய் என்று கூட்டம் சூழ்ந்தது. காசுமேசையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில், கேள்வி விளங்காமல், ஆம் என்ற மாதிரித் தலையாட்டினார். அதை வீடியோ எடுத்தார்கள். அந்தத் தலையாட்டல் ஒப்புதல் வாக்குமூலமாக நாடு முழுக்கப் போனது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுப்பொருள் என்றே முடிவானது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டாகிவிட்டது. ஒரு வாரத்தில் திகன.

அடுத்தது 2019. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று கிழமை. மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவருக்குப் பதில் எழுதினார். எதிராளி சிங்களத்தில் எழுதியிருந்தார், இவர் ஆங்கிலத்தில் பதில் போட்டார். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் சில சொற்கள். எங்கள் உம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்லாத சொல்லா அது? ஆனால் அரைகுறை ஆங்கிலத்தில், அந்த மூன்று கிழமைத் துக்கத்துக்கு நடுவில், அது அடுத்த குண்டுக்கான அறிவித்தலாக வாசிக்கப்பட்டது. அவரை அடித்தார்கள், கடையைக் கல்லால் எறிந்தார்கள், பொலிஸ் அவரையே பிடித்தது. மறுநாள் குருநாகல் மாவட்டம், மினுவாங்கொடை என்று எரிந்தது. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தன் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். அன்றிரவு நாடு முழுவதும் ஊரடங்கு.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஒரே விடயத்தைக் காண்கிறேன். எதிராளியின் மொழி தெரியாமல், யோசிக்க நேரமில்லாமல் ஒரு சொல் விழுகிறது. அப்துல் அஸீஸுக்குப் பத்தொன்பது வருடம் இருந்தது, எதிராளியின் மொழியும் கையில் இருந்தது. அம்பாறைக் காசாளருக்குப் பத்தொன்பது செக்கனும் இல்லை, மொழியும் இல்லை.

தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். பேஸ்புக்கில் வெறுப்புப் பேச்சு எப்படி வளர்கிறது என்று 2014இலேயே கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ஆய்வு செய்து வெளியிட்டது. அளுத்கம எரிந்த அதே வருடம் அது. நிறுவனம் கேட்கவில்லை. சிங்களத்தில் எழுதப்படுவதை வாசித்து நீக்கப் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை. 2018 வன்முறையில் தன் தளத்துக்கும் பங்கிருந்ததற்காக அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். வட்ஸ்அப்பைப் பாருங்கள். ஒருவர் அனுப்பியதை மற்றவர் கடத்துகிறார் என்று காட்டும் அடையாளம் அதில் வந்தது 2018 ஜூலையில். ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் கடத்த முடியாது என்ற கட்டுப்பாடு உலகம் முழுக்க வந்தது 2019 ஜனவரியில். நான் அந்தக் குரல்பதிவைப் போட்டது மார்ச்சில். கடத்தப்பட்டது என்ற அடையாளம் அதில் இல்லை. குழுமத்தில் இருந்த இருநூறு பேருக்கும் அது 'சேர் போட்டது' என்று மட்டுமே தெரிந்தது. யாரோ ஒருவரின் முகவரியில்லாத குரலுக்கு நான் என் முகவரியைக் கொடுத்துவிட்டேன். அந்தச் சின்ன அடையாளம் நான்கு மாதம் முந்தி வந்திருந்தால் அந்த மூத்தும்மா விழாமல் இருந்திருப்பாரா என்று சில இரவுகளில் யோசிப்பேன். யோசித்துவிட்டு, அனுப்பிய விரல் என்னுடையது என்பதும் ஞாபகம் வரும்.

அச்சடித்த பத்திரிகை என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்கக் கூடாது. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாரை மலடாக்கினார் என்ற கதையை முன்பக்கத்தில் போட்டது ஒரு நாளிதழ். அதற்கு ஆசிரியர் இருந்தார், அச்சகம் இருந்தது, முகவரி இருந்தது. வைத்தியர் கைதாகி ஜூலை வரை உள்ளே இருந்தார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஆகவே முகவரி இருந்தால் பொய் வராது என்பதில்லை. பொய் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதை முகவரியில்லாத இரவில்தான் நான் அறிந்தேன்.

5

இனிச் சொல்லப்போவது முதலாவதைவிட எனக்குக் கஷ்டமானது.

முகவரியோடு எழுதுங்கள், பெயரோடு பேசுங்கள் என்று சொல்வது சுலபம். அப்படி எழுதிய ஒருவருக்கு என்ன நடந்தது? சித்திலெப்பையின் அதே கண்டியில், கட்டுகஸ்தோட்டையில், ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அதிகாரி சமூக ஊடகத்தில் சிங்களத்தில் எழுதிவந்தார். எதிராளியின் மொழியில், தன் சொந்தப் பெயரில். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்படத் தொடங்கியபோது, முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்புக்குச் சிந்தனையால், பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்று 2020 ஏப்ரல் 2ஆம் திகதி எழுதினார். அந்தச் சிந்தனைப் போராட்டத்துக்கு அவர் 'ஜிஹாத்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பொலிஸில் முறையிட்டார். ஏப்ரல் 9ஆம் திகதி அவரையே கைது செய்தார்கள். பயன்படுத்திய சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காக்கவேண்டிய சட்டம் அது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து செப்டெம்பரில் பிணையில் வந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

1915இல் நடந்ததுபோலவே இதுவும். வதந்தி கிளப்பியவர்கள் அகப்படவில்லை. பெயர் போட்டு எழுதியவர் அகப்பட்டார்.

அவர் கைதான கிழமை நான் என்ன செய்தேன்? அவரை ஆதரித்து எங்கள் குழுமத்தில் இரண்டு பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். நிர்வாகி என்ற முறையில் நான் அதை அழித்தேன். "தம்பிமார், இப்ப இது வேணாம். எல்லாருக்கும் பிரச்சினை வரும்" என்று ஒரு வரி போட்டேன். பத்து பஸ் வருகிறது என்ற ஆளில்லாக் கதையை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நொடியும் யோசிக்காமல் கடத்தியவன், பெயருள்ள ஒரு மனிதருக்காக எழுதப்பட்ட நாலு வரியை ரொம்ப யோசித்து அழித்தேன். பொதுப்பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் என் பயமாக இருந்திருக்கிறது.

நான் மட்டும் இல்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரியுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்பது, எங்கள் ஊர் ஜும்ஆவில் எத்தனையோ தரம் விளக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஹதீஸை ஏற்க முன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இரண்டு பேரும் ஒரே காலத்தில் இருந்தார்களா என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவிய அறிஞர்களின் வாரிசுகள் நாம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பயான் முடிந்து வெளியே வந்ததும் பாதணியைப் போட முன்னமே ஃபோனில் எதையாவது கடத்துகிறோம். விசாரி என்று சொல்லும் நாம், விசாரித்து, பெயர் போட்டு எழுதுகிறவனுக்கு என்ன பாதுகாப்புக் கொடுத்தோம்? அவனைத் தனியே விட்டால் அடுத்தவன் பெயர் போடமாட்டான். பெயரில்லாக் கணக்குகள் பெருகும். அது அரசாங்கத்தின் குற்றம் மட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு மருந்து சட்டம் என்றும் சொல்கிறார்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் எங்கள்மேல் எப்படித் திருப்பப்பட்டது என்று கண்ட பிறகு எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. 2018 மார்ச் 7இல் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் வதந்தி அழைப்பெடுத்துக் காதோடு காதாகப் போனது. 1915இல் ஃபோனே இல்லாமல் போன மாதிரி.

6

சில மாதங்களுக்குப் பிறகு நான் அந்தக் குரல்பதிவின் அறிவிப்பாளர் வரிசையைத் தேடிப் போனேன். எனக்கு அனுப்பியது என் சாச்சாவின் மகன். அவனுக்குக் கட்டாரில் இருக்கும் மச்சான். அவருக்கு அங்கே கூட வேலை செய்யும் மாவனல்லைப் பொடியன். அவனுக்கு அவன் ஊரில் ஒரு கடைக்காரர். கடைக்காரருக்குத் தர்கா நகரில் இருந்து ஒரு நண்பர். அந்த நண்பருக்கு அழைப்பெடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாது நானா. அது எங்களுக்கு 2014லயும் வந்த மாதிரித்தான் ஞாபகம்."

அங்கே சங்கிலி அறுந்தது. அவருடைய ஞாபகம் சரியா என்று என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் ஐந்து பேரும் நல்லவர்கள். ஐந்து பேரும் பயந்தவர்கள். ஐந்து பேரும், என்னைச் சேர்த்து ஆறு பேரும், யாரையோ காப்பாற்றத்தான் அனுப்பினோம். ஹதீஸ் கலையில் நல்லவராக இருந்தும் ஞாபகம் பிசகியவரின் அறிவிப்பை ஒதுக்குவார்கள். நல்ல எண்ணம் ஆதாரமாகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் குழுமத்தில் மூன்று ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஆபத்துச் செய்தி என்றால், அதைக் கண்ணால் கண்டவரின் பெயரும் இடமும் இல்லாமல் போடக்கூடாது. போட முன் அந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்கு அழைப்பெடுக்க வேண்டும். பிழை என்று தெரிந்தால் அதே இடத்தில், பிழையைப் போட்டவரே, தன் வாயால் சொல்லவேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகக்கூடாது. இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. 1882இல் ஒரு பத்திரிகைக்காரனிடம் எதிர்பார்த்ததைத்தான் ஃபோன் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். இன்று எல்லோர் கையிலும் அச்சகம் இருக்கிறது. அச்சகக்காரனின் கடமையும் கூடவே வந்திருக்கிறது.

நாலாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெயர் போட்டு நியாயமாக எழுதும் ஒருவருக்குப் பிரச்சினை வந்தால், அன்றைக்கே குழுமத்தின் சார்பில் ஆட்கள் அவருடைய வீட்டுக்குப் போகவேண்டும், சட்டத்தரணிக்குக் காசு சேர்க்கவேண்டும். அதை இன்னும் எல்லோரும் ஏற்கவில்லை. "சேர், அது அரசியலாப் போயிரும்" என்கிறார்கள். அன்றைக்கு நான் சொன்ன அதே பேச்சு. கோபிக்க எனக்கு உரிமையில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூத்தும்மா பிறகு தடியில்லாமல் நடக்கவில்லை. ஒருநாள் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நல்ல நிய்யத்தோடதானே மகன் அனுப்பினீங்க" என்று என் தலையைத் தடவினார். திரும்பி வரும்போது, வாசற்படி வரை வந்து நின்று ஒன்று கேட்டார்.

"அது சரி மகன், அதைப் பேசினது யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன்.